மடிக்கும் சாய்வு சைக்கிளின் ஸ்டீயரிங்கைச் சரியாக அமைப்பது எப்படி: வரிசைப்படி ஒரு முழுமையான வழிகாட்டி

ரிகம்பென்ட் எனப்படும் சாய்வு சைக்கிளில், அதிலும் மடித்து எடுத்துச் செல்லக்கூடிய வகையில், புதிதாக ஏறுபவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: ஹேண்டில்பார் நிலைகொள்ளாமல் அலைகிறது, வண்டி நேராகப் போக மறுக்கிறது. சொன்ன கையோடு ஆலன் கீயை எடுத்து ஹேண்டில்பாரைத் தளர்த்தத் தொடங்குகிறார்கள். ஆனால் ஹேண்டில்பார் இந்த வேலையில் பிந்தித் தொட வேண்டிய பாகம். உட்காரும் நிலை மாறினால் கை எட்டும் தூரம் மாறும்; மடிப்பு மூட்டில் ஆட்டம் இருந்தால் ஹெட்செட்டில், அதாவது ஃபோர்க் எனும் முன்சக்கரக் கவை திரும்பும் பேரிங்கில், ஆட்டம் இருப்பதுபோலத் தோன்றும்; ஹெட்செட் தளர்ந்திருந்தால் ஹேண்டில்பாரையும் ஃபோர்க்கையும் சேர்க்கும் இணைப்புக் கம்பியை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் பயனில்லை. ஆகவே வரிசைதான் இங்கே பாதி வேலை.

இந்த வழிகாட்டி இரண்டு 20 அங்குலச் சக்கரங்களும் குறுகிய சக்கர இடைவெளியும் கொண்ட, பெடல்கள் முன்சக்கரத்துக்கு முன்னால் அமைந்த மடிப்பு வண்டிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஜெர்மனியின் கிரிஃப்டெல் ஊரிலுள்ள ஹெச்பி வெலோடெக்னிக் நிறுவனத்தின் கிராஸ்ஹாப்பர் எஃப்எக்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் இருக்கைக்கு மேலே வரும் ஹேண்டில்பாரையோ கீழே வரும் ஹேண்டில்பாரையோ தேர்ந்தெடுக்கலாம். மூன்று சக்கர மடிப்பு வண்டிகளுக்குரிய வேறுபாடுகள் கடைசிப் பகுதியில் உள்ளன.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

4, 5, 6 மி.மீ. ஆலன் கீகள், 8, 10 மி.மீ. ஸ்பானர்கள் இரண்டிரண்டு, போல்ட் எவ்வளவு இறுகியது என்பதைக் குறைந்த அளவுகளிலும் காட்டக்கூடிய டார்க் ரெஞ்ச், அளவு நாடா, நிரந்தர மை பேனா, காகித டேப், மரை தானே கழலாமல் பிடிக்கும் நீல நிறத் திரெட் லாக்கர், கிரீஸ் ஆகியவை வேண்டும். ஸ்பானர்களில் இரண்டு கேட்பதற்குக் காரணம் உண்டு: இணைப்புக் கம்பியின் லாக் நட்டை இறுக்கும்போது ராட் எண்டை, அதாவது கம்பியின் முனையிலுள்ள உருண்டை மூட்டை, வேறொரு ஸ்பானரால் பிடிக்காவிட்டால் அது தானும் திரும்பிக் கோணிக்கொள்ளும்.

உதவிக்கு ஒருவர் கட்டாயம் தேவை. பல அளவுகளை நீங்கள் வண்டியில் அமர்ந்திருக்கும்போதே எடுக்க வேண்டியிருக்கும். அமர்ந்தபடி குனிந்து நீங்களே அளக்க முயன்றால் உடல் நிலை மாறி அளவும் மாறிவிடும்.

எதையும் தளர்த்தும் முன், இப்போதுள்ள நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பெடல்களைத் தாங்கும் பூம் குழாய் சட்டகத்துக்குள் நுழையும் இடம், ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மின் உயரம், இருக்கையின் சாய்வு, கம்பியின் இரு முனைகளிலும் தெரியும் மரைகள் ஆகியவற்றைக் காகித டேப் ஒட்டிக் கோடிட்டு வைத்தால், எங்கே தொடங்கினோம் என்பது எப்போதும் தெரியும். இரண்டு டயர்களிலும் அவற்றின் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள வரம்புக்குள் காற்றை நிரப்பிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். காற்றுக் குறைந்த முன்டயர் ஸ்டீயரிங்கைக் கனமாகவும் தயக்கமாகவும் ஆக்கும். அதை வேறு கோளாறு என்று எண்ணி நாள் முழுவதும் தேட நேரிடும்.

2. மேலா, கீழா என்று முடிவு செய்தல்

வண்டி ஏற்கெனவே கையில் இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லலாம். வாங்கப் போகிறவர்கள் ஓட்டும் சுகத்தோடு மடிப்பையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

மேல் ஹேண்டில்பாரில் ஃபோர்க்கின் தண்டு நேராக ஸ்டெம்முடன் சேர்கிறது. நடுவில் கம்பி இல்லை. பாகங்கள் குறைவு, ஆட்டம் வரும் இடங்களும் குறைவு. ஆனால் உயரமான ஸ்டெம் மடியும் வகையில் ஒரு கீல் தேவைப்படுகிறது. ஏறி இறங்கும்போதும் அது முன்னால் சாய வேண்டும். அந்தக் கீல்தான் இவ்வகையின் பலவீனமான இடம்.

கீழ் ஹேண்டில்பாரில் கைகள் தொடைகளின் இருபுறமும் இயல்பாகத் தொங்குகின்றன. தோளும் கழுத்தும் தளர்ந்திருக்கும், முன்னால் பார்வையை மறைக்க எதுவும் இல்லை. நெடுந்தூரப் பயணத்துக்கு நான் இதையே விரும்புகிறேன். இதில் ஹேண்டில்பார் தனிச் சுழலச்சில் அமர்ந்து, ஒரு கம்பி வழியாக ஃபோர்க்கைத் திருப்புவதே வழக்கம். இதற்குக் கொடுக்கும் விலை கூடுதல் எடையும் அகலமும்: மடித்த பின்பும் கைப்பிடிகள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும், ரயில் பெட்டியின் குறுகிய வாசலில் அது தெரியும். மடிப்பு மூட்டு ஹேண்டில்பாரின் சுழலச்சுக்கும் ஃபோர்க்குக்கும் இடையில் வருகிறதா, அதற்குப் பின்னால் வருகிறதா என்பதையும் கேட்டறியுங்கள். பின்னால் இருந்தால் மடிக்கும்போது கம்பி தொடப்படாமல் இருக்கும். இடையில் இருந்தால் ஒவ்வொரு முறையும் கம்பியைக் கழற்ற வேண்டும். கழற்றும் ஒவ்வோர் இணைப்பும் தேயும்.

3. ட்ரெயிலைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளுதல்

ஃபோர்க் திரும்பும் அச்சைக் கற்பனைக் கோடாகத் தரைவரை நீட்டினால், அது தரையைத் தொடும் புள்ளிக்குச் சற்றுப் பின்னால்தான் டயர் தரையைத் தொடும். இந்த இடைவெளிதான் ட்ரெயில். சக்கரத்தைத் தானே நேராக்கிக்கொள்ளச் செய்வதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

கணக்கு எளிது. சக்கரத்தின் ஆரத்தை ஹெட் கோணத்தின் (அந்த அச்சு தரையோடு அமைக்கும் கோணம்) கோசைனால் பெருக்கி, அதிலிருந்து ஃபோர்க்கின் முன்தள்ளலைக் (அந்த அச்சுக்கு முன்னால் சக்கர மையம் தள்ளி நிற்கும் தூரம்) கழித்து, வருவதை அதே கோணத்தின் சைனால் வகுக்க வேண்டும். 406 மி.மீ. விட்டமுள்ள ரிம்மில் 40 மி.மீ. டயர் போட்டால் ஆரம் 243 மி.மீ. கோணம் 70 டிகிரி, முன்தள்ளல் 45 மி.மீ. என்றால் ட்ரெயில் 40 மி.மீ. சொச்சம் வரும். அதே ஃபோர்க் அளவுகளோடு 349 மி.மீ. ரிம்மும் 35 மி.மீ. டயரும் போட்டால் 28 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும். இதைத்தான் புதியவர்கள் கவனிப்பதில்லை. மடித்த அளவைக் குறைக்க முன்சக்கரத்தைச் சிறிதாக்குகிறார்கள், பிறகு வண்டி பரபரக்கிறது என்று ஹேண்டில்பாரைக் குறை சொல்கிறார்கள். சிறிய சக்கரத்தால் வண்டியின் முன்பகுதி தாழ்ந்து ஹெட் கோணம் நிமிர்வது இந்தக் கணக்கில் சேரவில்லை. அதையும் சேர்த்தால் ட்ரெயில் இன்னும் குறையும்.

கோணம் ஒரு டிகிரி சரிந்து 69 ஆனால் 40 என்பது 45 ஆகும். பின்புற சஸ்பென்ஷன் உங்கள் எடையில் அமுங்கும்போது நடப்பது இதுவே. ஆகவே ஸ்பிரிங்கை உங்கள் எடைக்கேற்ப முதலில் சரிசெய்யுங்கள். பிறகு செய்தால் ஸ்டீயரிங்கின் குணமே மாறிவிடும்.

ட்ரெயிலை மாற்றுவதற்காக ஃபோர்க்கை மாற்றும் யோசனை யாருக்காவது வந்தால், கீழே வரும் எல்லாப் படிகளையும் முடித்து, வண்டியைப் பல வாரம் ஓட்டிய பிறகு அதைப் பற்றி நினைக்கலாம். பெரும்பாலும் அப்போது தேவைப்படாது.

4. பூம் நீளமும் இருக்கைச் சாய்வும்

முதலில் கால், பிறகு முதுகு, அதன் பிறகே கை. பெடல்களைத் தாங்கும் பூமை நீட்டவோ குறுக்கவோ செய்யும் போல்ட்களைத் தளர்த்தி, வெறுங்காலோடு அல்லாமல் ஓட்டும்போது போடும் காலணியோடு அமருங்கள். இடுப்பு இருக்கையின் மூலையில் முழுவதும் பொருந்தியிருக்க வேண்டும். பெடல் மிகத் தொலைவில் இருக்கும் நிலையில் குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முழங்கால் சற்றே மடிந்திருக்க வேண்டும்.

பூம் நீளமாக இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடவலமாகச் சறுக்கும். அந்தச் சறுக்கல் தோள் வழியாகக் கைக்கு வந்து ஹேண்டில்பாரைத் திருப்பும். பூம் குறுகியிருந்தால் முழங்கால்கள் உயர்ந்து மேல் ஹேண்டில்பாரில் இடிக்கும். வண்டி பாம்புபோல் நெளிகிறது என்று சொன்ன பலரிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பூமை இறுக்கும் முன் எதிரே நின்று பெடல் அச்சு தரைக்கு இணையாக உள்ளதா என்று உதவியாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். பூம் நீண்டால் செயினும் நீள வேண்டும் என்பதால், செயின் மிகப் பெரிய பற்சக்கரங்களில் இருக்கும்போது விறைத்துப்போகவில்லை என்பதையும் அப்போதே சோதித்துவிட வேண்டும்.

இருக்கையைத் தொடக்கத்தில் நிமிர்த்தி, கிடைமட்டத்திலிருந்து 40 முதல் 45 டிகிரி வரை வைத்துக்கொள்வது நல்லது. பழகிய பிறகு சாய்க்கலாம். மிகவும் சாய்ந்த இருக்கையில் தலையைத் தூக்கிப் பார்க்கக் கழுத்து இறுகும். கழுத்து இறுகினால் கையும் இறுகும்.

இந்தப் படி முடிந்ததும் முன்சக்கரத்தை இருபுறமும் திருப்பி, பெடலைச் சுற்றிக் குதிகால் டயரில் உரசுகிறதா என்று பாருங்கள். குறுகிய சக்கர இடைவெளியுள்ள வண்டிகளில் கூர்மையான திருப்பத்தில் உரசுவது சாதாரணம். எவ்வளவு திருப்பினால் உரசும் என்பது தெரிந்திருந்தால் போதும். கிளிப் காலணி போடுகிறவர்கள் அதன் அடியில் பெடலில் பூட்டும் கிளீட்டைக் குதிகால் பக்கம் சில மில்லிமீட்டர் நகர்த்தினால் குதிகால் பெடலை நெருங்கி, உரசல் குறையும்.

5. மடிப்பு மூட்டில் ஆட்டத்தைக் கண்டுபிடித்தல்

வண்டியை விரித்து, மூட்டு சேரும் இரு முகங்களையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். ஒரு சிறு மணல் துகள் சிக்கினாலும் முன்பாதியும் பின்பாதியும் ஒரே தளத்தில் வராது; இரண்டு சக்கரங்களும் ஒன்றுக்கொன்று லேசாகச் சாய்ந்து நிற்கும், வண்டி எப்போதும் ஒரு பக்கம் இழுக்கும். சுழலும் ஊசிக்குக் கிரீஸ் போடலாம். உற்பத்தியாளர் சொல்லாதவரை சேரும் முகங்களுக்குப் போட வேண்டாம், அங்கே உராய்வு தேவை.

பூட்டும் நெம்புகோல் பாதி வழியில் எதிர்ப்பைக் காட்டத் தொடங்கி, முழுவதும் மூடியதும் உள்ளங்கையில் தடம் விடும் அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும்.

உதவியாளர் பின்சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் ஒரு விரலை மூட்டின் பிளவுக் கோட்டின் குறுக்கே வைத்து, மறு கையால் இருக்கைச் சட்டத்தைப் பக்கவாட்டில் அசையுங்கள். அரை மில்லிமீட்டர் அசைவு கண்ணுக்குத் தெரியாது, விரல் நுனி உணரும். அசைவு தெரிந்தால் நெம்புகோலின் இறுக்கத்தைக் கூட்டுங்கள். கூட்டியும் போகாவிட்டால் ஊசியோ புஷ்ஷோ தேய்ந்திருக்கும். அதை மாற்றாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. மேல் ஹேண்டில்பார் உள்ள வண்டியில் ஸ்டெம்மின் கீலுக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள். அங்கே முன்பின்னாக வரும் சிறு அசைவைவிடப் பக்கவாட்டு அசைவே ஆபத்து, ஏனெனில் அது நேரடியாகத் திருப்பும் திசையில் வருகிறது.

6. ஹெட்செட்

கீழ் ஹேண்டில்பார் உள்ள வண்டியில் முதலில் இணைப்புக் கம்பியை ஃபோர்க் பக்கத்தில் கழற்றிவிடுங்கள். கம்பியின் உராய்வும் ஆட்டமும் ஹெட்செட்டின் உண்மை நிலையை மறைக்கும் என்பதால் இது அவசியம்.

முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கை ஒரு விரலால் மெல்லத் திருப்புங்கள். எங்கும் தடையில்லாமல் சீராகத் திரும்ப வேண்டும். நேர்நிலைக்கு வரும்போது மட்டும் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால், பேரிங் பாதையில் குழி விழுந்திருக்கிறது. அதை இறுக்கியோ தளர்த்தியோ சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். சாதாரண சைக்கிளில் இதைப் பலர் பல மாதம் சகித்துக்கொள்வார்கள், ஏனெனில் அங்கே உடலை அசைத்துச் சமநிலையைச் சரிசெய்யலாம். சாய்வு சைக்கிளில் முதுகு இருக்கையில் ஒட்டியிருப்பதால் திருத்தம் பெரும்பாலும் ஸ்டீயரிங் வழியாகவே வருகிறது. நேர்நிலைக்கு இருபுறமும் ஓரிரு டிகிரிக்குள் நடக்கும் அந்தச் சிறு திருத்தங்களைக் குழி விழுந்த பேரிங் கெடுத்துவிடும்.

ஆட்டத்தைச் சோதிக்க, சக்கரத்தைத் தரையில் வைத்து முன்பிரேக்கை அழுத்தியபடி வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்கள், மறு கையின் விரல்களை ஹெட்செட்டின் கீழ்க் கிண்ணத்தில் வைத்து உணருங்கள். மரையில்லாத ஹெட்செட்டில் ஸ்டெம்மின் பக்க போல்ட்களை முதலில் தளர்த்தி, மேல் மூடியின் போல்ட்டைக் கால் சுற்றுக்கும் குறைவாகக் குறைவாக இறுக்கி, ஆட்டம் மறையும் இடத்தில் நிறுத்தி, பிறகு பக்க போல்ட்களை இறுக்க வேண்டும். பக்க போல்ட்களைத் தளர்த்தாமல் மேல் மூடியை இறுக்குவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. போல்ட் இறுகும், பேரிங்குக்கு எதுவும் போய்ச் சேராது.

7. மேல் ஹேண்டில்பாரை நிறுத்துதல்

உங்கள் வண்டி கீழ் ஹேண்டில்பார் வகை என்றால் அடுத்த பகுதிக்குச் செல்லலாம்.

தோள்களை இருக்கையில் சாய்த்துத் தளர்த்தி, கண்ணை மூடிக் கைகளை முன்னால் நீட்டுங்கள். கைகள் இயல்பாக வந்து நிற்கும் இடத்தை உதவியாளர் பார்த்துச் சொல்லட்டும். கைப்பிடி அங்கே வர வேண்டும். முழங்கை சற்றே மடிந்திருக்க வேண்டும். நேராக நீட்டியிருந்தால் திருப்பத்தில் வெளிப்பக்கக் கை எட்டாது, தோள் இருக்கையை விட்டு எழும்.

முழங்கால் மிக உயரும் நிலையில் ஹேண்டில்பாருக்குக் கீழே மூன்று நான்கு சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். நேராகப் போகும்போது மட்டும் பார்த்தால் போதாது. முழுவதும் திருப்பிய நிலையிலும் பாருங்கள், ஏனெனில் அப்போதுதான் ஹேண்டில்பாரின் ஒரு முனை தொடையையோ வயிற்றையோ நோக்கி வருகிறது.

ஃபோர்க்கின் அச்சுக்கு எவ்வளவு பின்னால் கைப்பிடிகள் இருக்கின்றனவோ, அந்த அளவுக்குத் திருப்பும்போது கைகள் சுழல்வதற்குப் பதிலாகப் படகின் சுக்கானைப்போல் பக்கவாட்டில் நகரும். இந்த நகர்வு கொஞ்சம் இருப்பதில் தவறில்லை. மிகுந்தால் தாழ்ந்த வேகத்தில் வண்டியைப் பிடிப்பது கடினம். ஸ்டெம்மை நிமிர்த்தி, ஹேண்டில்பாரை அகலமானதாக மாற்றினால் அது குறையும். மார்புக்கு முன்னால் கைகளைக் குவித்துப் பிடிக்கும் குறுகிய வகை காற்றுத் தடைக்கு நல்லது, ஆனால் புதியவர் அதில் தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நிலை உறுதியான பின் போல்ட்களை இறுக்குங்கள். ஸ்டெம்மின் எம்5 போல்ட்களுக்குப் பெரும்பாலும் 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் இருக்கும். பாகத்தில் அச்சிட்டுள்ள எண் வேறாக இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

8. கீழ் ஹேண்டில்பாரும் இணைப்புக் கம்பியும்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் எடுக்கும் படி இது. புதியவர்கள் மிகுதியாகத் தடுமாறுவதும் இங்கேதான். பொறுமையாகச் செய்யுங்கள்.

முதலில் கம்பியை இணைக்காமல் ஹேண்டில்பாரை மட்டும் நிறுத்துங்கள். கைகளைத் தொங்கவிட்டால் விரல்கள் கைப்பிடியைத் தொட வேண்டும், மணிக்கட்டு மடங்கக் கூடாது. பிறகு இருபுறமும் முழுவதும் திருப்பி, கைப்பிடி தொடையிலோ இருக்கைச் சட்டத்திலோ இடிக்கிறதா என்று பாருங்கள். பிரேக் லீவர் தரையை நோக்கி நீளும் வகையாக இருந்தால், வண்டி சாயும்போது அது தரையைத் தொடாதபடி போதிய உயரம் வேண்டும்.

அடுத்து, ஹேண்டில்பாரின் சுழலச்சிலும் ஃபோர்க்கின் தலைப்பகுதியிலும் கை எனப்படும் குட்டை நெம்பு ஒவ்வொன்று இருக்கும். இரண்டையும் கம்பி இணைக்கும். இரண்டு கைகளும் சம நீளமாகவும் ஒன்றுக்கொன்று இணையாகவும் இருந்தால் ஹேண்டில்பார் திரும்பும் அளவே ஃபோர்க்கும் திரும்பும். ஹேண்டில்பார் பக்கத்துக் கை குறுகியதாக இருந்தால், உதாரணமாக அது 50 மி.மீ., ஃபோர்க் பக்கம் 60 மி.மீ. என்றால், ஹேண்டில்பார் 12 டிகிரி திரும்பும்போது ஃபோர்க் சுமார் 10 டிகிரிதான் திரும்பும். இது வேகத்தில் அமைதி தரும், ஆனால் குறுகிய சந்தில் திருப்ப அதிக இடம் கேட்கும். கையில் பல துளைகள் உள்ள வண்டிகளில் இந்த விகிதத்தை மாற்ற முடியும். தொடக்கத்தில் உற்பத்தியாளர் விட்ட துளையிலேயே இருங்கள்.

நேராகப் போகும் நிலையில் கம்பி இரண்டு கைகளுக்கும் செங்குத்தாக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் இடது திருப்பம் விரைவாகவும் வலது திருப்பம் மந்தமாகவும் ஆகும். எவ்வளவு பழகினாலும் உடல் அதை ஏற்காது. முன்சக்கரத்தை நேராக வைத்து அசையாமல் கட்டி, ஹேண்டில்பாரையும் நேராக வைத்து, கம்பியின் நீளத்தை அதற்கேற்பச் சரிசெய்யுங்கள். 60 மி.மீ. கையில் 1 மி.மீ. பிழை ஏறக்குறைய 1 டிகிரிக்குச் சமம். கம்பியின் ஒரு முனையில் இடது மரையும் மறு முனையில் வலது மரையும் இருந்தால், கழற்றாமலே கம்பியைத் திருகி நீளத்தை மாற்றலாம். எம்6 மரையில் ஒரு முழுச் சுற்றுக்கு 2 மி.மீ. மாறும். இரண்டும் வலது மரை என்றால் ஒரு முனையைக் கழற்றி ராட் எண்டைத் திருக வேண்டும், சுற்றுக்கு 1 மி.மீ.

நீளம் தேடும்போது ராட் எண்டை வெளியே இழுத்துக்கொண்டே போகாதீர்கள். எம்6 என்றால் குறைந்தது 9 மி.மீ. மரை உள்ளே இருக்க வேண்டும். அதற்கும் போதவில்லை என்றால் நீளமான கம்பி வாங்குவது ஒன்றே வழி. இந்த இணைப்பு கழன்றால் ஓடும் வண்டியில் ஸ்டீயரிங்கே இல்லாமல் போகும்.

நீளம் சரியானதும், இரு முனைகளின் உருண்டை மூட்டுகளும் ஒரே சாய்வில் இருக்குமாறு வைத்து லாக் நட்களை இறுக்குங்கள். பிறகு கம்பியைக் கையால் பிடித்து அதன் நீள அச்சைச் சுற்றி உருட்டிப் பாருங்கள்: இருபுறமும் சம அளவு சாய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சாய்ந்தால் முழுத் திருப்பத்தில் மூட்டு முட்டிக்கொள்ளும், முட்டும் மூட்டு காலப்போக்கில் போல்ட்டை வளைக்கும்.

போல்ட்டின் தலை மேலே இருக்குமாறு செருகுங்கள். நட் கழன்று விழுந்தாலும் போல்ட் தன் எடையால் துளையிலேயே நிற்கும் என்பதே காரணம். மூட்டுக்கு வெளியே ராட் எண்டின் கண்ணைவிட அகலமான வாஷர் ஒன்றைச் சேர்த்தால், உருண்டை தேய்ந்து வெளியே வந்தாலும் கம்பி கழன்று விழாது. நைலான் வளையமுள்ள நட்களை மீண்டும் மீண்டும் பயன்படுத்தாமல் ஒவ்வொரு முறையும் புதியதைப் போடுங்கள்.

கடைசியாக ஆட்டம். முன்சக்கரத்தை உதவியாளர் முழங்கால்களுக்கு இடையில் இறுக்கிப் பிடிக்க, நீங்கள் கைப்பிடியை மெல்ல அசையுங்கள். மூட்டில் அரை மில்லிமீட்டர் ஆட்டம், 60 மி.மீ. கை வழியாக, அச்சிலிருந்து 300 மி.மீ. தொலைவில் உள்ள கைப்பிடியில் இரண்டரை மில்லிமீட்டராகப் பெருகும். அந்த அளவு வெற்று அசைவு இருந்தால் வண்டி நேராகப் போகும்போது நீங்கள் ஓயாமல் திருத்திக்கொண்டே இருப்பீர்கள். தேய்ந்த ராட் எண்டை மாற்றுங்கள், விலை பெரிதில்லை.

9. கேபிள்கள்

ஸ்டீயரிங் நிலை முடிவாகாமல் கேபிளை வெட்டக் கூடாது. நிலை முடிவான பின், இருபுறமும் முழுவதும் திருப்பி, மடித்து, விரித்து, மூன்று நிலைகளிலும் எந்தக் கேபிளும் விறைக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அதன் பிறகே நீளத்தை முடிவு செய்யுங்கள். விறைத்த கேபிள் தானே ஹேண்டில்பாரை ஒரு பக்கம் இழுக்கும். முன்சக்கரத்தைத் தூக்கி நேராக விட்டால் அது மெல்லத் திரும்புவதிலிருந்து இதைக் கண்டுபிடிக்கலாம். கியரின் கேபிள் உறைகள் பிரேக் உறைகளைவிட விறைப்பானவை என்பதால் சந்தேகம் முதலில் அவற்றின்மேல் விழட்டும்.

மடிப்பு மூட்டைக் கடக்கும் இடத்தில் கேபிளை இறுகக் கட்டாமல் தளர்வான வளைவாக விடுங்கள். கூர்மையாக மடிந்த உறையின் உள்ளே கம்பி இழைகள் அறுந்தால் வெளியே தெரியாது.

10. மடித்து விரித்துச் சோதித்தல்

ஓட்டிப் பார்க்கும் முன் வண்டியை ஐந்தாறு முறை மடித்து விரியுங்கள். ஒவ்வொரு முறையும் ஸ்டெம்மின் குறிக் கோடும் சக்கரத்தின் நேர்நிலையும் அதே இடத்துக்குத் திரும்புகின்றனவா என்று பார்க்க வேண்டும். திரும்பாவிட்டால் 5-ஆம் படியில் ஏதோ விடுபட்டிருக்கிறது.

அதன் பிறகு ஒவ்வொரு முறை விரிக்கும்போதும் ஒரே வரிசையில் கை வைத்துச் சோதியுங்கள்: சட்டக மூட்டு, இருக்கைப் பூட்டு, ஸ்டெம் கீல் அல்லது கம்பியின் இரு முனைகள், பிறகு பிரேக்குகள். வரிசை மாறாமல் இருந்தால் கை தானாகவே விடுபட்டதை உணர்த்தும். ரயிலிலிருந்து இறங்கி அவசரமாக விரிக்கும்போது இந்தப் பழக்கம்தான் காப்பாற்றுகிறது.

11. முதல் சவாரி

போக்குவரத்து இல்லாத, அகலமான, மிக லேசாகச் சரிந்த தார்த்தளத்தைத் தேடுங்கள். கியரைத் தாழ்ந்த நிலையில் வையுங்கள். வலுவான காலின் பெடல் உயரத்தில், உங்களை நோக்கிச் சற்றே வந்த நிலையில் இருக்கட்டும்; மற்றக் கால் தரையில், பிரேக் பிடித்தபடி. முதுகை இருக்கையில் அழுத்தி, பிரேக்கை விட்டு, ஒரே உறுதியான மிதியில் புறப்பட்டு, அந்த வேகத்தில் மறு காலைத் தூக்குங்கள். தயங்கித் தயங்கி மிதிப்பவர்களே விழுகிறார்கள், ஏனெனில் சமநிலை கிடைக்கும் வேகத்தை வண்டி எட்டுவதே இல்லை.

மிதிக்கும்போது எதிர்விசை முதுகுக்குப் போக வேண்டும். சாதாரண சைக்கிளில் பழகியவர்கள் தங்களை அறியாமல் ஹேண்டில்பாரை இழுத்து மிதிப்பார்கள். இங்கே வலது காலை அழுத்தும்போது வலது கையும் இழுத்தால் வண்டி ஒவ்வொரு மிதிக்கும் நெளியும். இரண்டு விரலால் மட்டும் கைப்பிடியைப் பிடித்து ஓட்டிப் பாருங்கள். நெளிவு அந்தக் கணமே குறைந்தால் இயந்திரத்தில் குறை இல்லை, பிடியில்தான் இருந்தது.

பார்வை தொலைவில் இருக்கட்டும். வண்டி முழுவதும் நின்ற பிறகே காலைத் தரையில் வையுங்கள்; ஓடும்போது ஊன்றிய கால் பின்னோக்கி இழுக்கப்பட்டு இருக்கைக்கு அடியில் சிக்கும். நேராக ஓடுவது வந்த பின் பெரிய வட்டம், பிறகு எட்டு வடிவம், கடைசியாக ஒரு கையை எடுத்துச் சைகை காட்டுதல் என்று முன்னேறலாம்.

12. ஓட்டத்தில் தெரியும் கோளாறுகள்

வேகத்தில் முன்பகுதி படபடவென்று நடுங்கினால், கைப்பிடியை இறுக்காமல் பின்பிரேக்கால் மெல்ல வேகத்தைக் குறையுங்கள். நின்றதும் மடிப்பு மூட்டு, ஹெட்செட், முன்சக்கரப் பேரிங், டயர் ரிம்மில் சீராக அமர்ந்திருக்கிறதா என்பது, பின் கேரியரில் உயரமாக ஏற்றிய சுமை என்ற வரிசையில் பாருங்கள். சுமையைத் தாழ்வாக, இருக்கைக்கு அடியில் பக்கப் பைகளில் வைப்பது எப்போதும் நல்லது.

தாழ்ந்த வேகத்தில் மட்டும் தடுமாற்றம் என்றால் பெரும்பாலும் பழக்கம் போதாது. இரண்டு வாரம் காத்திருங்கள். பழகிய பின்பும் நீடித்தால் எடைப் பங்கீட்டை அளங்கள். எடை பார்க்கும் கருவியின்மேல் முன்சக்கரத்தையும், அதே உயரமுள்ள கட்டையின்மேல் பின்சக்கரத்தையும் வைத்து, உதவியாளர் பிடித்துக்கொள்ள அமர்ந்தால் முன்சக்கரத்தின் பங்கு தெரியும். இவ்வகை வண்டிகளில் மொத்த எடையில் ஏறக்குறைய பாதி முன்னால் வருவது இயல்பு. மிகவும் குறைந்திருந்தால், இருக்கையை முன்னால் நகர்த்த இடமிருக்கும் வண்டிகளில் அதை நகர்த்தி, 4-ஆம் படியிலிருந்து மீண்டும் வர வேண்டும்.

எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால் சட்டக மூட்டில் மணல், விறைத்த கேபிள், ஃபோர்க்கில் நடுவே பொருந்தாத சக்கரம் ஆகிய மூன்றில் ஒன்று.

13. மூன்று சக்கர மடிப்பு வண்டி வைத்திருப்பவர்களுக்கு

முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்ற அமைப்பில், அதே ஹெச்பி வெலோடெக்னிக்கின் ஸ்கார்பியன் எஃப்எக்ஸ் போன்றவற்றில், சட்டகம் முன்சக்கரங்களைத் தாங்கும் குறுக்குச் சட்டத்துக்குப் பின்னால் மடிகிறது. அதனால் மடிப்பு ஸ்டீயரிங் கம்பிகளைத் தொடுவதில்லை. இங்கே சமநிலைப் பிரச்சினை இல்லை. அதற்குப் பதிலாக இரண்டு முன்சக்கரங்களும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்பதைக் கவனிக்க வேண்டும்.

ஓட்டுநர் அமர்ந்திருக்க, அச்சின் உயரத்தில், டயர்களின் முன்விளிம்புகளுக்கு இடையிலும் பின்விளிம்புகளுக்கு இடையிலும் அளங்கள். முன் அளவு பின் அளவைவிட 0 முதல் 2 மி.மீ. வரை குறைவாக இருப்பது பொதுவாகப் பொருந்தும். எடை ஏறினால் சட்டகம் சற்று வளைந்து அளவு மாறும் என்பதால் காலி வண்டியில் அளப்பது வீண். இரண்டு பக்க லாக் நட்களையும் தளர்த்தி, கம்பியைக் கால் சுற்றாகத் திருகி, ஒவ்வொரு முறையும் வண்டியைச் சில மீட்டர் உருட்டிவிட்டு மீண்டும் அளக்க வேண்டும். உருட்டாவிட்டால் டயர்கள் பழைய நிலையிலேயே தரையைப் பிடித்துக்கொண்டிருக்கும். இந்த அளவு தவறினால் முன்டயர்கள் சில நூறு கிலோமீட்டரிலேயே இழைத்ததுபோல் தேயும்.

கிளிப் பெடலோ குதிகால் பட்டையோ இல்லாமல் மூன்று சக்கர வண்டியை ஓட்டக் கூடாது. பெடலிலிருந்து நழுவிய கால் தரையில் பட்டால், குறுக்குச் சட்டம் அதன்மேல் ஏறிவிடும்.